வெண்கட்டியும் பிடி அரிசியும்



ஆசிரியரின் பெருமையை மேடையிலே பேசுதல் எளிது. அவருடைய ஒரு நாளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாற்பது கொப்பிகளைத் திருத்துகிறார். நேற்றுத் திருத்திய பிழையே இன்றும் கிடக்கிறது. இடாப்பும் அறிக்கையும் பாடவேளையைத் தின்கின்றன. பரீட்சையிற் சித்தியெய்தினால் பிள்ளையின் கெட்டித்தனம் என்கிறோம். தவறினால் வாத்தியாரின் குற்றம் என்கிறோம்.

இத்தொல்லை புதிதன்று. நம்மிற் சிலரைப்போல நாவலர் பெருமானும் மிஷன் பாடசாலையிலே கற்றவர், அங்கேயே கற்பித்தவர். 1848 இல் அவ்வேலையைத் துறந்தார். அதே ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வீடுதோறும் சேர்த்த பிடி அரிசியும் அப்பள்ளியைத் தாங்கிற்று. பிள்ளைகளுக்கு வேண்டிய பாலபாடங்களையும் அவரே எழுதினார்.

இவ்வளவு தொல்லையிலும் ஆசிரியரைத் தாங்குவது யாது? சிறு மகிழ்ச்சிகளே. மூன்று தவணையாக ழகரம் வராத சிறுவன் ஒருநாட் காலை “வாழைப்பழம்” என்று வாய்நிறையச் சொல்கிறான். சந்தையிலே பழைய மாணவன் ஒருவன் சைக்கிளை விட்டிறங்கி, “சேர், சுகமோ?” என்கிறான். அன்று சம்பளம் ஒரு சதமேனும் உயரவில்லை. ஆயினும் அவர் நடையிலே ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது.

அந்த மகிழ்ச்சியைக் கொடுப்பது நம் கையிலே இருக்கிறது. பொன்னாடை போர்த்துவதற்கு அவர் ஓய்வுபெறும்வரை காத்திருத்தல் வேண்டா. இவ்வாரமே, நமக்கு எழுத்தறிவித்தவரின் படலையைத் தட்டுவோம். பட்டம் பெறவிருக்கும் நம்முள் சிலரேனும், வேறு வேலை கிடையாமையால் அன்று, விரும்பியே வெண்கட்டியைக் கையில் எடுப்போமாக!