அரண்மனைகளும் புத்தர் சிலைகளும்: நம் சுற்றுலாவில் கண்டவை

(சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற விடுமுறையில் நம் மாணவ மாணவியரை அழைத்துக்கொண்டு சென்றுவந்த மூன்று நாள் சுற்றுலாவைப் பற்றி இக்கூட்டத்தில் உரைக்குமாறு செயற்குழு எங்களைப் பணித்தது. கண்டவர்கள் பலர், வழியெல்லாம் பேசியவர்களும் பலர். ஆதலால் தனியொருவர் அனுபவமாக அல்லாது, சென்றவர் அனைவரின் சார்பிலும் பேசுகின்றோம்.

இப்பயணம் முடிவானபோது பெரியவர் சிலர் தடை கூறினர். "கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகள் நம் தெருவில் இருக்கையில் அரண்மனை பார்க்கப் பேருந்து எதற்கு? எந்த ராஜா நமக்கு என்ன செய்தான்?" என்று கேட்டனர். நியாயமான கேள்வி. பயணச் செலவு தனியே திரட்டப்பட்டது என்பதையும், கல்வி நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படவில்லை என்பதையும் பொருளாளர் கணக்கில் காணலாம். ராஜாக்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு விடை தேடியே நாங்கள் சென்றோம் என்பதுதான் இரண்டாவது கேள்விக்கு மறுமொழி.

ஆழ்வார்குறிச்சியில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நம் கண்ணை நிறைக்கும். கடனாநதி அங்கிருந்துதான் வருகிறது. தாமிரபரணியும் அத்தொடரிலேயே பிறக்கிறது. அகத்தியர் இருந்த பொதிகை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதே பொதிகைக்குப் பௌத்த உலகில் வேறொரு புகழ் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அவலோகிதர் என்னும் போதிசத்துவர் தென்னாட்டில் போதலகம் என்ற மலையில் வீற்றிருப்பதாகப் பௌத்த நூல்கள் கூறுகின்றன. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங் அம்மலை பாண்டிய நாட்டுப் பக்கத்தில் உள்ளதாகக் குறித்தார். அது நம் பொதிகையே என்று ஷு ஹிகோசாகா என்னும் ஜப்பானிய அறிஞர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்பது, 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல் தரும் செய்தி. திபெத்தின் லாசா நகரில் ஐந்தாம் தலாய் லாமா 1645இல் கட்டத் தொடங்கிய பேரரண்மனைக்குப் போதலா என்று பெயர்; அப்பெயர் போதலக மலையிலிருந்து வந்தது. ஆகவே, நாம் களைபறிக்கும்போது நிமிர்ந்து பார்க்கும் மலை, இமயத்துக்கு அப்பால் ஓர் அரண்மனைக்குப் பெயர் கொடுத்த மலையாக இருக்கலாம். பேருந்து கிளம்பியதும் இதைச் சொன்னோம். அதுவரை பாட்டுப் போடச் சொல்லிக் கூச்சலிட்டுக்கொண்டிருந்த பையன்கள் சன்னல் பக்கம் திரும்பினார்கள்.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்குடி, கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரனோடு இணைத்துப் பேசப்படும் ஊர். அந்த ஆய் மரபிலே 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளையொட்டி ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன், மலைநாட்டுக் கடற்கரையில் இருந்த ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் கொடுத்ததைப் பாலியம் செப்பேடு தெரிவிக்கிறது. ராஜா நிலம் கொடுத்தான் என்றதும் அது பொற்காலம் என்று மயங்க வேண்டியதில்லை. அந்நிலத்தில் உழுதவர் யார், அவர் நிலை என்ன என்பதைச் செப்பேடுகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

செங்கோட்டையைத் தாண்டினோம். இவ்வூர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்ள வேண்டும். நாங்கள் பார்க்கப்போன அரண்மனைகளின் அதிகாரம் நம் ஊரிலிருந்து சிறிது தொலைவு வரை நீண்டிருந்தது. ஆரியங்காவுக் கணவாய், பதின்மூன்று கண் பாலம், புனலூர் என்று வழி நெடுகப் பசுமை. அதை வருணிக்க நேரமில்லை.

கொல்லத்தில் அரண்மனை எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் அங்கே வண்டியை நிறுத்தினோம். புலையர் குலப் பெண்கள் பொன்னோ வெள்ளியோ அணியலாகாது, கல்மாலைதான் அணிய வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கமாக இருந்தது. 1915இல் பெரிநாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, அய்யன்காளி கொல்லத்தில் கூட்டிய கூட்டத்தில் அப்பெண்கள் கல்மாலைகளைக் கழுத்திலிருந்து அறுத்துக் குவித்தனர். அச்செய்தியைக் கேட்ட நம் மாணவியர் சற்று நேரம் பேசவில்லை.

காயங்குளத்துக்கு அருகே கிருஷ்ணபுரம் அரண்மனை. காயங்குளம் தனி அரசாக இருந்து, 1746இல் மார்த்தாண்டவர்மரால் திருவிதாங்கூரோடு சேர்க்கப்பட்டது. இருபுறமும் கூருடைய காயங்குளம் வாளைக் காட்டுகிறார்கள். குளத்தில் நீராடி ராஜா உள்ளே வரும் இடத்தில், சுவர் நிறைய கஜேந்திர மோட்ச ஓவியம். முதலை வாயில் அகப்பட்ட யானையைத் திருமால் காக்கும் காட்சி; மூலிகைச் சாயத்தின் நிறம் இன்னும் மங்கவில்லை. இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அரண்மனை வளாகத்திலேயே ஒரு மண்டபத்தில் புத்தர் அமர்ந்திருக்கிறார்! ஆலப்புழை மாவட்டத்தில் கிடைத்த பழைய புத்தர் சிலைகளுள் ஒன்று அது. அரண்மனையின் அலங்காரமாக வைத்ததன்று. மண்ணிலும் நீரிலும் கிடந்து, பின்னர் கண்டெடுக்கப்பட்டது. அங்கிருந்து மாவேலிக்கரை சென்றோம். அங்கே நாற்சந்தியின் அருகே புத்தர் அமர்ந்திருக்க, அச்சந்திக்கே புத்தர் பெயர் வழங்குகிறது.

எங்கள் நெஞ்சைவிட்டு நீங்காதது அம்பலப்புழையை அடுத்த கருமாடியில் உள்ள சிலை. கருங்கல்லில் செதுக்கிய உருவம். இடப்பக்கம் சிதைந்து போயிற்று. ஊரார் 'கருமாடிக்குட்டன்' என்கின்றனர். குட்டன் என்றால் பிள்ளை. வழிபட்டவர் யார் என்பது மறந்தபின்னும் ஊர்மக்கள் அவரைக் கைவிடாமல் வீட்டுப் பிள்ளையைப் போலப் பெயரிட்டுக் காத்திருக்கிறார்கள். 1965இல் தலாய் லாமா இங்கு வந்து வணங்கினார். நம் பையன் ஒருவன், "ஐயா, இது சமணச் சிலையில்லை, புத்தர்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்?" என்று கேட்டான். நல்ல கேள்வி, விடையை அனைவரும் அறிந்திருப்பது நலம். மார்பின் குறுக்கே, இடத்தோளை மூடி வலத்தோளைத் திறந்துவிட்டுச் செல்லும் சீவர ஆடையின் விளிம்பு ஒரு கோடாகத் தெரிந்தால் அது புத்தர். தீர்த்தங்கரர் உருவத்தில் ஆடை இராது. முக்குடை பெரும்பாலும் இருக்கும். புத்தரின் உச்சந்தலையில் முடி முடிச்சுப் போலவோ சுடர் போலவோ உயர்ந்திருக்கும். இனி நம் சுற்றுவட்டாரத்தில் வயல்வரப்பிலோ அரச மரத்தடியிலோ பெயரறியாத சிலையைக் கண்டால் இவற்றைப் பாருங்கள். முனீசுவரன் என்று வணங்கப்படுபவர் வேறொருவராகவும் இருக்கலாம். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலை புத்தருடையதே என்று தொல்லியல் துறை ஆய்ந்து கூற, அவ்வாறே 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அன்றிரவு தங்கிய இடத்தில் நெடுநேரம் வாதம் நடந்தது. நாவிதராயிருந்த உபாலியும் குப்பை கூட்டிய சுனீதரும் புத்தரின் சங்கத்தில் சேர்ந்து உயர்ந்தனர் என்று ஒருவர் எடுத்துரைத்தார். 1898இல் கொழும்பில் பௌத்தம் தழுவிய பண்டிதர் அயோத்திதாசர், நம் முன்னோர் பூர்வ பௌத்தர் என்று எழுதியதை இன்னொருவர் கூறினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் எடுத்த முடிவும் பேசப்பட்டது. எங்களுள் கிறித்தவரும் உண்டு, சுடலைமாடனைக் கும்பிடுபவரும் உண்டு. ஒருவரும் தம் நம்பிக்கையை மாற்றிக்கொண்டு திரும்பவில்லை. அயோத்திதாசரின் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் படித்தபின் செய்ய வேண்டியது. அவர் எழுத்துகள் இப்போது நூல்களாகக் கிடைக்கின்றன. நம் நூலகத்துக்கும் வாங்க வேண்டும்.

மறுநாள் திருவனந்தபுரம். சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகையில் கூரையைத் தாங்குவனபோல் நிற்கும் 122 மரக்குதிரைகளைப் பார்த்தோம். அதனருகிலுள்ள பத்மநாபசுவாமி கோயில், 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தபிறகே நம்மவர்க்குத் திறந்தது. ராஜாவின் கருணை என்று இதனைப் பாராட்டி எழுதியவர் பலர். அதற்கு முன் வைக்கத்தில் 1924 முதல் 1925 வரை, கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடந்ததையும், ஈரோட்டிலிருந்து சென்ற பெரியார் அதில் சிறைப்பட்டதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கவடியார் அரண்மனைக்குப் போகும் சாலை தொடங்கும் வெள்ளயம்பலத்தில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. 1980இல் இந்திரா காந்தி அம்மையார் திறந்துவைத்தது. நாங்கள் பார்த்த அரண்மனைகள் அத்தனையிலும் அதிக நேரம் நின்றது இச்சிலையின் கீழேதான். எழுதப் படிக்கத் தெரியாத அம்மனிதர் 1893இல் ஒரு வில்வண்டியை வாங்கி, நம்மவர் நடக்கக்கூடாத அரசுப் பாதையில் ஓட்டிச் சென்றார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அமைத்தார். பள்ளிக்கூடத்தில் எம் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் வேலை செய்யமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரை நிறுத்தினார். வயல்களில் புல் முளைத்தது. ஸ்ரீமூலம் பிரஜாசபையில் உறுப்பினராகி, அங்கும் பள்ளிக்கூடத்தையே கேட்டார். 1937இல் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, தம் வாழ்நாளுக்குள் தம் மக்களிலே பத்துப் பேராவது பி.ஏ. தேறக் காண வேண்டும் என்பதே அவர் தெரிவித்த விருப்பம். 1941இல் மறைந்தார். பிரஜாசபை கூடிய மண்டபம், விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகக் கட்டியது. 2019 முதல் அதற்கு அய்யன்காளி மண்டபம் என்று பெயர்.

பத்துப் பி.ஏ. என்று சொன்னதும், வண்டியில் இருந்த பட்டதாரிகளைப் பிள்ளைகள் உரக்க எண்ணத் தொடங்கினார்கள். பத்தைத் தாண்டியது.

மூன்றாம் நாள் பத்மநாபபுரம். குமரி மாவட்டத்தில், தக்கலைக்கு அருகில் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும், இதைப் பராமரிப்பது கேரள அரசு. 1601ஆம் ஆண்டையொட்டி எழுந்து, பின்னர் விரிவடைந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ராஜாக்கள் இங்கிருந்து ஆண்டனர். தேக்கும் பலாவும் இழைத்த மரவேலையின் நேர்த்தியைச் சொல்லி முடியாது. தச்சர் ஒருவரின் பெயரும் எங்கும் எங்கள் கண்ணில் படவில்லை. மூலிகை மரங்களால் ஆன கட்டிலின் முன்னே நம் இளைஞர்கள் செலவிட்ட நேரத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அங்குள்ள தரை கண்ணாடிபோல் கறுத்து மின்னும். சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து இட்டது என்று வழிகாட்டி விளக்கினார். எங்களோடு வந்த பாட்டி ஒருவர், நாற்று நடவிலேயே ஆயுளைக் கழித்தவர், குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, "நாம சாணியும் கரியும் போட்டு மெழுகுறத, ராசா முட்டைய ஊத்தி மெழுகிருக்காரு" என்றார். வழிகாட்டியே வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்து ஊட்டுப்புரை. மேலும் கீழுமாக இரண்டு நீண்ட கூடங்கள். ஒரே நேரத்தில் 2000 பேர் உண்ணலாமாம். பெரிய பெரிய ஊறுகாய்ச் சாடிகள் இன்னும் இருக்கின்றன. "நாள்தோறும் இங்கே அன்னதானம்" என்று வழிகாட்டி பெருமிதத்தோடு கூறினார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் நம் மாணவி, "யாருக்கு?" என்றாள். "பிராமணர்களுக்கு" என்றார் அவர். "அரிசி எங்கிருந்து வந்தது?" "நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து." "அந்த வயலில் வேலை செய்தவர்கள் எங்கே சாப்பிட்டார்கள்?" வழிகாட்டி நல்ல மனிதர், மழுப்பவில்லை. "அம்மா, அதை இங்கே யாரும் எழுதிவைக்கவில்லை" என்றார்.

எழுதிவைக்காததற்குக் காரணம் உண்டு. திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறையை ஒழித்து ஆணை பிறக்கும்வரை, உழைக்கும் மக்கள் நிலத்தோடு விற்கவும் வாங்கவும் பட்டனர். இன்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. அவர்கள் இந்தக் கூடத்தில் சோறு உண்பது இருக்கட்டும், கோட்டை வாயிலின் நிழலையும் நெருங்கியிருக்க இயலாது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு முன்வாயில் வழியாகச் சென்று, கேள்வியும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தடை கூறிய பெரியவர்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

சென்றுவந்தவர்கள் தாம் கண்டதைத் தம் கைப்பட எழுதிச் சங்க நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சிலர் எழுதிக் கொடுத்துள்ளனர். மற்றவர்கள் இம்மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இம்முறை வந்த மாணவியர் மாணவரில் பாதிகூட இல்லை. ஊட்டுப்புரையில் கேட்கப்பட்ட கேள்வியைக் கேட்டது பெண்பிள்ளை. அடுத்த முறை தயங்காமல் அனுப்புங்கள். நம் தாய்மார்கள் துணைக்கு வருவார்கள்.

அடுத்த பயணம் நாகப்பட்டினத்துக்கு என்று எண்ணியுள்ளோம். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசன் அங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் ஊரைச் சோழன் அளித்தான். எஞ்சிநின்ற பௌத்தக் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. அங்கே மண்ணுக்குள் கிடைத்த புத்தர் செப்புத்திருமேனிகள் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். ஆதலால் இரண்டு ஊர்களுக்கும் போக வேண்டியிருக்கும். நான்கு நாள் ஆகலாம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.