கயிறிழுத்தல்: வேடிக்கையா, விளையாட்டா?

(தம்புள்ளையில் நடைபெற்ற ஒன்றுகூடலில், தம்புள்ளை வட்டாரப் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டையொட்டி எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "கயிறிழுத்தல்" என்றோம். கேட்டவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

எங்கள் காலத்து இல்ல விளையாட்டுப் போட்டி பலருக்கு நினைவிருக்கும். ஓட்டம், பாய்தல், அஞ்சலோட்டம் எல்லாம் முடிந்து பொழுது சாயும் நேரத்தில்தான் கயிறு மைதானத்துக்கு வரும். இழுப்பவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும். நாங்கள் சுற்றி நின்று கத்துவோம். ஒரு வருடம் நாங்கள் எட்டுப் பேர் போய், "எங்களுக்கும் தாருங்கள்" என்று கேட்டோம். "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அது சரிவராது" என்றார்கள். பிறகு மனமிரங்கி ஒரேயொரு தரம் விட்டார்கள். எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஒருவருமில்லை. கடைசியில் நின்றவள் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அவள் மணிக்கட்டுத் தோல் உரிந்தது. "பார்த்தீர்களா?" என்று சொல்லி அடுத்த வருடம் கயிற்றை எடுத்து வைத்துவிட்டார்கள். கற்றுத்தராததால் வந்த காயம், கற்றுத்தராமல் இருப்பதற்கே காரணமாகிவிட்டது.

இது எங்களோடு தொடங்கிய கதையல்ல. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி அம்மனுக்காகக் கொம்புமுறி விளையாட்டு நடத்துவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். சிங்கள மக்கள் இதையே அங்கெளிய என்று பத்தினித் தெய்வத்துக்கு நடத்தினார்கள். பத்தினி என்பதும் கண்ணகிதான். 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி இராச்சியத்தில் இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இதை விவரித்திருக்கிறார். நோய்நொடி நீங்குவதற்காக இதை நடத்தினார்கள் என்கிறார். ஊருக்கு அப்பால், பெண்களின் கண்ணில் படாத இடத்தில் நடத்தினார்கள் என்றும் எழுதுகிறார். நாம் கூடியிருக்கும் இந்தத் தம்புள்ளையும் அன்று அந்த இராச்சியத்துக்குள்தான் இருந்தது. ஒரு பெண் தெய்வத்துக்காக நடந்த இழுப்பைப் பெண்கள் பார்க்கக்கூட முடியவில்லை.

மேல்நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 1900 முதல் 1920 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் கயிறிழுத்தல் இடம்பெற்றது. இழுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள். 1908இல் லண்டனில் மூன்று பதக்கங்களையும் பிரித்தானியப் பொலிஸ் அணிகளே பெற்றன. லிவர்பூல் பொலிஸார் போட்டிருந்த கனமான சப்பாத்துகளைப் பற்றி அமெரிக்கர்கள் முறையிட்டார்கள். 1920க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இது இல்லை. 1960இல் சர்வதேசச் சம்மேளனம் அமைந்தது. 1975இல் உலகப் போட்டி தொடங்கியது. பெண்களுக்கு அதில் இடம் கிடைத்தது 1986இல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தங்கைமார் கவனித்துக் கேளுங்கள். தாய்வானின் தலைநகர் தைபேயில் ஜிங்மெய் என்றொரு பெண்கள் உயர்நிலைப் பாடசாலை இருக்கிறது. அதன் கயிறிழுத்தல் அணி உலகப் போட்டிகளில் தங்கம் வென்றது. அந்தப் பிள்ளைகளின் கதை 2013இல் திரைப்படமாகவும் வந்தது. 2009, 2013, 2017 ஆகிய மூன்று உலக விளையாட்டு விழாக்களிலும் பெண்களுக்கான கயிறிழுத்தலில் தாய்வானுக்கே தங்கம். ஒரு பெண்கள் பாடசாலையில் இது சரிவருகிறதா என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் எங்களிடம் இல்லை.

அதே தைபே நகரில் 1997இல் ஒரு துயரமும் நடந்தது. 1,600க்கு மேற்பட்டோர் சேர்ந்து இழுத்த கயிறு அந்தப் பாரம் தாங்காமல் அறுந்து, இருவரின் கை துண்டானது. கயிறு விளையாட்டுப் பொருளல்ல. இங்கே பொருளாதார மத்திய நிலையத்தில் லொறிக்கு மரக்கறி மூட்டை ஏற்றிக் கட்டும் நாட்டாமைமாரைக் கேட்டுப் பாருங்கள், கயிற்றுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள்.

அதனால்தான் விதிகள் இருக்கின்றன. ஓர் அணிக்கு எட்டுப் பேர். எட்டுப் பேரின் மொத்த நிறைக்கு எல்லை உண்டு. பெண்களுக்கு 500 கிலோ, 540 கிலோ என்ற பிரிவுகள் இருக்கின்றன. மெலிந்தவளுக்கும் இடமுண்டு, உடல் பருத்தவளுக்கும் இடமுண்டு. கயிற்றின் சுற்றளவு 10 முதல் 12.5 சென்ரிமீற்றர். அதில் முடிச்சோ வளையமோ போடக்கூடாது, கையில் சுற்றக்கூடாது. கடைசியில் நிற்பவள் மட்டும் கயிற்றை ஓர் அக்குளின் கீழாக எடுத்து, முதுகின் குறுக்கே மறுதோளுக்கு மேலாகக் கொண்டுவருவாள். நிலத்தில் உட்கார்ந்துவிட்டால் பிழை. எதிரணியை 4 மீற்றர் இழுத்தால் வெற்றி. மூன்றில் இரண்டு தரம் வெல்ல வேண்டும்.

இதில் பலம் கையில் இல்லை. காலை நிலத்தில் ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, எட்டுப் பேரும் ஒரே கணத்தில் அடி வைப்பதில்தான் இருக்கிறது. ஏழு பேர் இழுத்து ஒருத்தி பிந்தினால் அந்த இழுப்பு வீண். மாத்தளை முத்துமாரியம்மன் தேர்வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது தெரியும். தேர் நகர்வது யார் கையால் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த நூற்றாண்டு ஆண்டிலிருந்து கயிறிழுத்தல் மாணவிகளுக்கான போட்டியாக, இல்லங்களுக்குப் புள்ளி சேர்க்கும் போட்டியாக நடக்கட்டும். அதற்கு முன் மூன்று மாதம் பயிற்சி நடக்கட்டும். விதிப்படியான கயிறொன்றை எங்கள் வட்டாரம் வாங்கித் தரும். பழக்கித்தர ஆள் தேடுவதும் எங்கள் பொறுப்பு.

அன்று மணிக்கட்டில் காயப்பட்ட எங்கள் தோழி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள். முதலாவது போட்டியன்று அவள் வருவாள். கயிற்றைக் கையில் சுற்றாதே என்று கடைசியில் நிற்கும் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க வருவாள்.