'அனுபவம் இல்லை' என்று எழுதாதீர்கள்



போன மாதம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி விண்ணப்பமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். சட்டத்தரணி ஒருவரின் காரியாலயத்தில் எழுதுவினைஞர் வேலை. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. இரண்டு வருடமாக நமது சங்கக் காரியாலயத்தில் சேமலாப நிதிப் படிவம் நிரப்பியது யார்? அடையாள அட்டையில் ஒரு பெயர், பி கார்டில் இன்னொரு பெயர் என்று வந்தவர்களுக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதியது யார்? பணிக்கொடைக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்தது யார்? சட்டத்தரணியிடமும் கடிதம், கோவை, தவணைத் திகதிதானே வேலை!

எத்தனை மாதம், எந்த மொழியில், என்ன கடிதம் என்று அப்படியே எழுதச் சொன்னேன். 'சட்ட உதவியாளர்' என்று பெரிதாகப் போட வேண்டாம், நேர்முகப் பரீட்சையில் ஒரே கேள்வியில் பிடிபட்டுவிடும். தொண்டராகச் செய்ததாகவே எழுதலாம். ஆட்களின் பெயரை மட்டும் எழுதவே கூடாது. லயத்து விசயத்தை வெளியில் சொல்லாத பிள்ளையா என்றுதான் சட்டத்தரணி பார்ப்பார்.

சங்கத்தின் பெயரைப் போட்டால் வேலை கிடைக்காதென்று அவளுடைய அம்மா பயந்தார். அந்தப் பயம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் போடச் சொன்னேன். சான்றுக் கடிதம் தேவையான பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை காரியாலயத்துக்கு வாருங்கள்.