கல்லும், கல்லான உயிரும்

"உபன்யாஸ்" என்னும் சொல் காதில் விழுந்ததும் நமக்குச் சமயச் சொற்பொழிவே நினைவுக்கு வருகிறது. இந்தி பேசுவோர்க்கோ அது நாவல். ஒலி ஒன்று, பொருள் வேறு. வெளி மாநிலங்களில் வாழும் நாம் இத்தகைய சொற்களை நாள்தோறும் சந்திக்கிறோம். கற்களின் உலகிலும் இவ்வாறே உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருப்பவை பல. விடுமுறை நாளில் குன்றுப்புறத்திலோ ஆற்றுப்படுகையிலோ பிள்ளைகள் ஒரு கல்லை எடுத்து வந்து, "இது பழங்காலத்து உயிரா?" என்று கேட்டால் நாம் என்ன விடை கூறுவது? அதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் கல்லைப் பாராமல், அது கிடைத்த பாறையைப் பார்க்க வேண்டும். சேறும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய படிவுப் பாறைகளிலேதான் புதைபடிவங்கள் பெரும்பாலும் கிடைக்கின்றன. பூமியின் ஆழத்தில் குழம்பு உறைந்து உண்டான கிரானைட்டில் அவற்றைத் தேடுவது வீண். ஆயினும் எரிமலைப் பிரதேசம் என்றவுடன் கைவிட்டுவிடலாகாது. மும்பையின் வொர்லிக் குன்றில், எரிமலைப் பாறைகளின் இடையே அகப்பட்ட படிவு அடுக்கிலிருந்து சிறு தவளைகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரு வெடிப்பு அடங்கி மறு வெடிப்பு தொடங்குமுன் அங்கே நீர்நிலை இருந்திருக்கிறது.

அடுத்தது உருவம். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா நகரை ஒட்டி ஓடும் கேன் ஆற்றில் "ஷஜர்" என்ற அழகிய கல் கிடைக்கிறது. அரபு மொழியில் ஷஜர் என்றால் மரம். கல்லினுள்ளே செடிகொடிகள் கிளைவிட்டு நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் அங்கே எந்தச் செடியும் வாழ்ந்ததில்லை. மாங்கனீசு, இரும்பு முதலியவற்றின் தாதுக்கள் அவ்வாறு கிளைத்துப் படிந்திருக்கின்றன, அவ்வளவே. சாதாரணக் கற்பலகைகளின் விரிசல்களிலும் இத்தகைய கரிய "செடி"களைக் காணலாம். உண்மையான இலைப் படிவத்தில் நடு நரம்பு உண்டு. அதிலிருந்து ஒழுங்காகப் பிரியும் கிளை நரம்புகள் உண்டு. இலைக்கென்று ஒரு விளிம்பும் உண்டு. போலியில் இவை காணப்படா. அது பெரும்பாலும் விரிசலின் ஓரத்திலிருந்து புறப்பட்டு மனம்போனபடி பரவும்.

உருண்டைக் கற்கள் இன்னும் ஏமாற்றுவன. மண்ணிலுள்ள தாதுக்கள் ஒரு துணுக்கைச் சுற்றித் திரண்டு முட்டைபோல் ஆவது இயற்கை. இவற்றைத் திரளைகள் என்போம். உண்மையான முட்டையில், உள்ளிருக்கும் கல்லினின்று வேறுபட்ட மெல்லிய ஓடு தெரியவேண்டும். உருப்பெருக்காடியால் நோக்கினால் அவ்வோட்டின் மேற்பரப்பில் நுண்ணிய புடைப்புகளோ துளைகளோ புலப்படும். எலும்பிலும் இதுவே நியாயம்: உள்ளே பஞ்சுபோன்ற நுண்ணறைகள் உண்டா என்று பார்க்கவேண்டும். நாக்கில் ஒட்டினால் எலும்பு என்று சிலர் சொல்வர். களிமண்ணும் நாக்கில் ஒட்டும். ஆகையால் அச்சோதனையை மட்டும் நம்பலாகாது. கல்மரத்தில் மர இழைகளும், பல சமயம் ஆண்டு வளையங்களும் தெரியும். கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்களில் காணும் சுருள், அம்மோனைட் என்ற பண்டைய கடலுயிரின் ஓடு விட்டுச்சென்ற சுவடு. அதில் சீரான இடைவெளியில் வரிகள் அமைந்திருக்கும். சுருங்கச் சொன்னால், வெளி வடிவம் சாட்சியாகாது, உள்ளமைப்பே சாட்சி.

பிழை இரு பக்கமும் நேரும். மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தின் பாட்லியா கிராமத்தார் குலதெய்வமாக வழிபட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று அறிஞர் கண்டறிந்ததாக 2023-இல் செய்தி வெளியாயிற்று. அதே மாவட்டத்தை உள்ளடக்கிய பகுதியில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்டதாக அவ்வாண்டின் தொடக்கத்தில் ஆய்வுக் கட்டுரையொன்றும் வந்திருந்தது.

மறுபுறம், போபாலுக்கு அருகிலுள்ள பீம்பேட்காக் குகையின் கதை. அங்கே பாறை மேல் கண்ட இலைபோன்ற தடத்தை, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டிக்கின்சோனியா என்ற உயிரின் படிவம் எனப் புவியியலறிஞர் சிலர் 2021-இல் அறிவித்தனர். பின்னர் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர் நேரில் சென்று பார்த்தபோது அத்தடம் பாறையினின்று உரிந்து விழுந்துகொண்டிருந்தது. அது பழைய தேன்கூட்டின் எச்சம்! 2023-இல் இது வெளியானபோது முதற் கட்டுரையின் முதன்மை ஆசிரியரும் இதனை ஏற்றுக்கொண்டார். கற்றறிந்தோரே இடறிய இடம் இது. இடறியதை ஒப்புக்கொண்டதும் கல்வியின் பெருமையே.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? ஐயத்துக்குரிய கல்லைப் பெயர்த்தெடுக்க விரையலாகாது. பாறை அடுக்கினின்று பிரிந்த படிவம் தன் காலத்தையும் சூழலையும் கூறும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுகிறது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் எடுப்பதோ குற்றமுமாகும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறையிலோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அலுவலகத்திலோ காட்டலாம். "வெறுங்கல்" என்ற விடை வந்தாலும் வருத்தம் வேண்டுவதில்லை. பிள்ளைகள் அன்று கற்றுக்கொள்வது கல்லின் பெயரை மட்டும் அன்று. ஆசைப்பட்டதை நம்புவது வேறு, ஆராய்ந்து தெளிவது வேறு என்பதையுமாம்.