சர்க்கரைத் தண்ணீரும் சலித்துப் போனால்

தேங்காய்த்திட்டு துறைமுகத்துப் பக்கம் இருக்கும் நமக்கு ஜிப்மர் மருத்துவமனை என்றதும் ஓ.பி. சீட்டும் நீண்ட வரிசையும்தான் நினைவுக்கு வரும். அதே ஜிப்மரின் உடலியங்கியல் துறையில் ஜி.கே. பாலும் டி.பி. தோம்ப்ரேவும் எலிகளின் மூளைக்குள் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் செலுத்தி, அவை தின்பதும் குடிப்பதும் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார்கள். 1993-ல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் ஊசி போட்ட இடங்களில் ஒன்றின் பெயர் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ். நடுமூளையிலிருந்து கிளம்பும் டோபமைன் நரம்புகள் அங்கே வந்து சேர்கின்றன. 'நல்லா இருக்கே, இன்னும் கொஞ்சம்' என்று நம்மை இழுக்கும் பாதை அது.

அந்த இழுப்பு விட்டுப்போவதும் மனச்சோர்வின் ஓர் அடையாளம்தான். ஆனால் மனச்சோர்வு என்றதும் நமக்கு அழுகைதான் ஞாபகம் வருகிறது. எலி அழுமா? அதனால் ஆய்வாளர்கள் கூண்டில் இரண்டு பாட்டில் மாட்டுவார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சர்க்கரைத் தண்ணீர். தெம்பான எலி இனிப்புப் பக்கமே போகும். பிறகு வாரக்கணக்கில் சில்லறைத் தொல்லைகள் தருவார்கள்: கீழே பரப்பியதை நனைத்துவிடுவது, கூண்டைச் சாய்த்து வைப்பது, ராத்திரி முழுக்க விளக்கு எரியவிடுவது. பெரிய அடி எதுவும் இல்லை, ஓயாத நச்சரிப்புதான். கடைசியில் பல எலிகளுக்கு இனிப்பின் மேல் இருந்த ஆசை விட்டுப்போகிறது. எலியை நீரில் விட்டு, எப்போது நீந்துவதை நிறுத்துகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. அது சோர்ந்து போய் மிதக்கிறதா, தெம்பை மிச்சம் பிடிக்கிறதா, யார் கண்டது? எனக்குப் பாட்டில் கணக்கில்தான் நம்பிக்கை.

2013-ல் 'நேச்சர்' இதழில் இரண்டு ஆய்வுகள் சேர்ந்தே வந்தன. இரண்டிலும் ஒளியைப் பாய்ச்சி டோபமைன் செல்களை முடுக்கினார்கள். சில்லறைத் தொல்லைகளால் துவண்டிருந்த விலங்குகள் அதனால் தெளிந்தன. முரட்டு எலியிடம் அடிபட்ட சுண்டெலிகளோ, அதே முடுக்கலில் மற்றவற்றை விட்டு ஒதுங்கின, இனிப்பையும் மறந்தன. பட்ட துன்பம் எப்படிப்பட்டது, எத்தனை நாள் நீடித்தது என்பதைப் பொறுத்து அந்தப் பாதையின் போக்கும் மாறுகிறது போலும். 'டோபமைன் கூடினால் குஷி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கணக்கு இங்கே செல்லாது.

எலியை வைத்து மனிதரை முழுசாக அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் மனநல மருத்துவர், 'தூக்கம் வருதா?' என்பதோடு, 'முன்னே பிடிச்சதெல்லாம் இப்பவும் பிடிக்குதா?' என்றும் கேட்பார். வஞ்சிரக் குழம்பு, பேரப்பிள்ளை, டிவி சீரியல் எதிலும் இரண்டு வாரமாக நாட்டமே இல்லையென்றால், அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனநல உதவிக்கான டெலிமானஸ் தொலைபேசி எண் 14416. பேசக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.