பை மாறிய வழக்கு



பெண் பிள்ளைகள் முன்னரிலும் இளவயதிற் பூப்படைகின்றனர் என்ற பேச்சு இன்று வீடுதோறும் கேட்கின்றது. இது வைத்தியர்க்குரிய பொருளன்றோ, நியாயவாதிக்கு இதில் என்ன அலுவல் என்று சிலர் எண்ணக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அலுவல் என்னவென்பது விளங்கும்.

அங்கு ஓர் இரசாயனத் தொழிற்சாலை இரு பொருள்களைச் செய்து வந்தது. ஒன்று மாட்டுத் தீனியிற் கலக்கும் மகனீசியம் ஒட்சைட்டு, பெயர் நியூத்திரிமாஸ்ரர். மற்றையது பிளாத்திக்கு எளிதில் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கும் புறோமீன் சேர்ந்த இரசாயனம், பெயர் பயர்மாஸ்ரர். 1973 இல் இரண்டாவதன் பைகள் முதலாவதென்று தீனி ஆலைக்குப் போயின. பெயரிலும் பையிலும் அத்துணை ஒற்றுமை! பசுக்கள் தீனியை வெறுத்தன, பால் வற்றியது, கன்றுகள் இறந்தன. பண்ணையாளரின் பராமரிப்பே பிழையென்று பழி சுமத்தப்பட்டது. பிரெடெரிக் ஹல்பேட் என்ற பண்ணையாளர், இரசாயனப் பொறியியல் கற்றவர், விடாது தேடியதனாலேதான் 1974 இல் உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ ஓராண்டு அந்தப் பாலையும் இறைச்சியையும் முட்டையையும் மக்கள் உண்டுவிட்டனர். சுமார் 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் அழிக்கப்பட்டன.

மாடுகளைப் புதைக்கலாம், மனிதர் கொழுப்பிற் படிந்த நஞ்சை எங்கே புதைப்பது? அது ஆண்டுக்கணக்கில் உடலிலே தங்கும். கருவிலுள்ள சிசுவுக்கும் செல்லும். பின்னர் தாய்ப்பாலிலும் செல்லும். ஓமோன்கள் மிகச் சிறிய அளவில், குறித்த காலத்தில், உறுப்புகளுக்குக் கட்டளையிடுவன. இடையிற் புகுந்த இரசாயனம் அக்கட்டளையைக் குழப்புகின்றது. அத்தாய்மாரின் பெண் மக்கள் 327 பேரைப் பற்றிய ஆய்வு 2000 ஆம் ஆண்டு வெளிவந்தது. கருவில் மிகுந்த நஞ்சு பெற்றுத் தாய்ப்பாலும் உண்டோர் சராசரி 11.6 வயதிற் பூப்படைந்தனர். தாய்ப்பால் உண்டும் கருவிற் குறைவாகப் பெற்றோர் 12.2 முதல் 12.6 வயதில். தாய்ப்பாலை நிறுத்துங்கள் என்று எவரும் இதற்குப் பொருள்கொள்ள வேண்டாம்; பழி தாய்க்கன்று, பை மாற்றியவனுக்கு.

இனி வழக்கு. ரோய் தக்கோமா என்ற பண்ணையாளர் தம் மாடுகளுக்காகத் தொடுத்த வழக்கு ஓராண்டுக்கு மேலாக விசாரிக்கப்பட்டது. 1978 இல் நீதிபதி அவருக்கு எதிராகத் தீர்த்தார். குறைந்த அளவு நஞ்சு மாடுகளைக் கெடுத்தமை நிரூபிக்கப்படவில்லையாம். சான்று கேட்பது மன்றின் கடமை. அதை நாம் குறை கூறோம். ஆனால் அத்தீர்ப்பு வந்த நாளில் அப்பெண் மக்களிற் பலர் நடைபயிலும் குழந்தைகள். அவர்களுடைய உடலிலிருந்து சான்று வெளிவர மேலும் 22 ஆண்டுகள் சென்றன. கம்பனி அதுவரை காத்திருக்க முடியும். பண்ணையாளனாலும் பிள்ளையாலும் முடியுமா?

இளம் பூப்புக்கெல்லாம் இரசாயனமே காரணமென்று நாம் சொல்லவில்லை. உணவும் உடற்பருமனும் பெரிய காரணங்கள். ஆயினும், எட்டு வயதுக்கு முன்னரே மார்பு வளரத் தொடங்கினால், சாமத்தியச் சடங்குக்கு நாட்பார்க்கு முன்னர் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். (நாட்பார்ப்பதில் நாம் காட்டும் அவசரம் இதிலும் வேண்டும்!)

கமக்காரச் சகோதரர்களே, எமது நாட்டிலும் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. பெயர்ச்சீட்டில்லாத மருந்தை விற்பதற்கு அச்சட்டம் இடங்கொடாது. சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள். சீட்டில் உள்ளதைத் தமிழில் வாசிக்க முடியாவிடின் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். மறுத்தால் எம்மிடம் வாருங்கள். வெறும் போத்தலில் வீட்டாருக்குத் தண்ணீர் எடுத்துச் செல்லாதீர்கள். தெளித்த திகதியையும் மருந்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டை உறுதிப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். மன்றேற நேர்ந்தால் நியாயவாதி முதலிற் கேட்பது அதையே.