மூன்று பவுண் வரியும் ஒரு தமிழ் ஏடும்

(ஹடப்சர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறீர்கள். எனவே நீட்டி முழக்க மாட்டோம். நம் இதழுக்கு எழுத ஆளில்லை என்று நாமெல்லாம் புலம்புகிறோம். ஆப்பிரிக்க மண்ணில் கூலித் தமிழனுக்காக ஏடு நடத்திய ஒருவர் இருந்தார். பெயர் பி.எஸ். அய்யர்.

1860 நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறை சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தவன் அங்கேயே தன் காலில் நின்று பிழைப்பது வெள்ளையனுக்குப் பொறுக்கவில்லை. 1895-இல் நேட்டால் அரசு சட்டம் போட்டது: மறுபடி கூலியாக எழுதிக்கொடு, இல்லையேல் ஊர் திரும்பு, இரண்டும் மாட்டேன் என்றால் ஆண்டுக்கு 3 பவுண் வரி கட்டு. 3 பவுண் என்றால் 60 ஷில்லிங். கணக்குப் போடுங்கள், முதலாண்டுக் கூலியில் ஆறு மாதம்! பதினாறு வயது மகனுக்கும் பதின்மூன்று வயது மகளுக்கும் தனித்தனியே 3 பவுண்.

இதைத் தமிழில் எழுத ஏடு வேண்டாமா? 1903-இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' முதலில் தமிழிலும் வந்தது. 1906-இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றன. ஆங்கிலமும் குஜராத்தியும் நீடித்தன. வணிகர் மொழி தங்கிற்று, கூலியின் மொழி போயிற்று என்று நாம் சொன்னால் யாரும் கோபிக்க வேண்டாம். 1908-இல் அய்யர் டர்பனில் 'ஆப்பிரிக்கன் குரோனிக்கிள்' ஏட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தொடங்கினார். வரியை எதிர்த்து எழுதினார். காந்தியாரையே கண்டித்தும் எழுதினார்; சில நேரம் அளவு மீறினார் என்பது நம் எண்ணம்.

நம் புனேயின் கோகலே 1912-இல் அங்கு சென்று அமைச்சர்களைக் கண்டார். வரி போய்விடும் என்று நம்பித் திரும்பினார். அப்படி வாக்கே தரவில்லை என்றது அரசு. 1913 அக்டோபரில் நியூகாசில் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டு, கரும்புக் காடெங்கும் பரவியது. 1914-இல் வரி ஒழிந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அதே நேட்டாலில் ஜூலு மக்கள்மேல் தலைவரி விதித்தார்கள். 1906-இல் பம்பத்தா தலைமையில் கிளர்ந்தவர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஜான் டூபே தம் ஜூலு ஏட்டில் எழுதி அரசின் மிரட்டலுக்கு ஆளானார். இரண்டு வரி, ஒரே அரசு. ஆனால் நம்மவர் போராட்டம் தனி, அவர்கள் போராட்டம் தனி. டாக்டர் நாயக்கரும் டாக்டர் தாதூவும் ஆப்பிரிக்கத் தலைவர் சூமாவுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1947 மார்ச் வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி நம் விஷயம். காண்டிராக்டர் பிடிக்கும் பணத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, எவ்வளவு பிடித்தம் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார்த் தோழருக்கும் பிடித்தம் உண்டா என்று கேட்டு, அதையும் எழுதுங்கள். பத்தாம் தேதிக்குள் வந்தால் அடுத்த இதழில் போட்டுவிடலாம்.